பிற விண்மீன்களைச் சுற்றும் உலகங்கள்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தபோது, நம் கதிரவனையல்லாமல் பிற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களைப் பற்றிப் பேசலாம் என்று தெரிவித்தோம். குழுவிலிருந்த பெரியவர் ஒருவர் உடனே கேட்டார்: "ஐயா, நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், குடியிருக்கும் மனைக்குப் பட்டா வேண்டும், விடுதியில் வேளைக்குச் சோறு வேண்டும். எங்கோ சுற்றும் கோள் நமக்கு எதற்கு?" நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறிவிட்டுப் பொருளுக்குள் நுழைவதைவிட, பொருளைச் சொல்லிக்கொண்டே சென்றால் விடை இடையில் எங்கேனும் எதிர்ப்படும் என்று நம்புகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கிரகம் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருபவை ஒன்பது. அவ்வொன்பதில் கதிரவன் உண்டு, திங்கள் உண்டு, இராகுவும் கேதுவும் உண்டு. நாம் காலூன்றி நிற்கும் பூமி மட்டும் இல்லை. வானநூல் கூறும் கோள் வேறு. ஒரு விண்மீனைச் சுற்றி வருவதும், தானே ஒளிவிடாததும், தன் ஈர்ப்பினாலேயே உருண்டை வடிவம் பெறும் அளவுக்குப் பெரியதுமான பொருளே கோள். நம் கதிரவனுக்கு அவ்வாறு எட்டுக் கோள்கள் உள்ளன. வானில் நாம் காணும் விண்மீன் ஒவ்வொன்றும் ஒரு கதிரவனே. அவற்றுக்கும் கோள்கள் இருக்குமா என்னும் கேள்வி பழையது. இருக்கும் என்று இத்தாலியரான ஜியார்டானோ புரூனோ 1584-இல் எழுதினார். 1600-இல் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் பல. உலகங்கள் பல என்ற கொள்கையும் அவற்றுள் ஒன்று.

இருக்கும் என்று நம்புவது ஒன்று. இருக்கிறது என்று காட்டுவது மற்றொன்று. ஒளி ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அவ்வேகத்தில் சென்றாலும் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனை அடைய 4 ஆண்டுகளுக்கு மேலாகும். கோளுக்கோ சொந்த ஒளி இல்லை. நம் கோள்களிலெல்லாம் பெரிதான வியாழன் எதிரொளிக்கும் ஒளி, கதிரவன் ஒளியில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கே. கலங்கரை விளக்கத்தின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மின்மினியை அடுத்த ஊரிலிருந்து தேடுவதைப் போன்றது இது. ஆகவே கோளைத் தேடுவதை விட்டுவிட்டு, அது தன் விண்மீனை என்ன செய்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

நம் தெருக்களில் சிறுமியர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருக்கிறோம். இருவரும் ஒத்த எடையினராயின், நடுவிலுள்ள ஒரு புள்ளியை இருவரும் சமமாகச் சுற்றுவர். தந்தை தம் சிறு மகளின் கைகளைப் பற்றிச் சுற்றினால் குழந்தை பெரிய வட்டமிடும். தந்தையும் நின்ற இடத்திலேயே சாய்ந்து சாய்ந்து ஒரு சிறு வட்டமிடுவார். இருட்டில் குழந்தை தெரியாமல் தந்தையின் வெள்ளை வேட்டி மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வேட்டியின் அசைவைக் கொண்டே, அவர் கையில் ஒரு குழந்தை இருக்கிறது, அது இவ்வளவு எடையுள்ளது, இத்தனை நொடிக்கு ஒரு சுற்று வருகிறது என்று கணக்கிட்டுவிடலாம். கோளும் விண்மீனும் அவ்வாறே. வியாழனின் இழுப்பினால் நம் கதிரவன் நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் அசைகிறது. பூமியின் இழுப்பினால் ஏற்படும் அசைவு நொடிக்கு 9 சென்டிமீட்டர்தான், ஆமை நடை.

இந்த அசைவைக் கண்டுவிட்டோம் என்று கூறியவர்களுள் முன்னோடியான ஒருவர் சென்னையில் இருந்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய வானாய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் ஒன்றில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அக்கூடத்தின் தலைவராயிருந்த கேப்டன் ஜேக்கப் என்பவர் 1855-இல், ஓஃபியூக்கஸ் கூட்டத்தைச் சேர்ந்த 70 என்னும் எண்ணுடைய இரட்டை விண்மீனின் இயக்கம் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றும், அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாக இருக்கக்கூடும் என்றும் எழுதினார். நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்கரான சீ என்பவரும் அதை வழிமொழிந்தார். ஆனால் 1899-இல் மோல்ட்டன் என்ற இளைஞர், சீ கூறும் பாதையில் அப்படியொரு பொருள் நிலைத்து நிற்கவே இயலாது என்று கணிதத்தால் நிறுவினார். கண்டதாகக் கூறப்பட்ட கோள் இல்லாமற்போயிற்று.

இதைப் போன்ற ஏமாற்றம் மீண்டும் நேர்ந்தது. அமெரிக்காவில் ஸ்புரௌல் வானாய்வுக்கூடத்தின் தலைவரான பீட்டர் வான் டி காம்ப், 6 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பர்னார்டு விண்மீனைப் பல்லாண்டுகளாகப் புகைப்படத் தகடுகளில் பதிவு செய்து, வியாழனினும் பெரிய கோள் அதற்கு உண்டு என்று 1963-இல் அறிவித்தார். பாடநூல்களிலும் அது ஏறிற்று. 1973-இல் கேட்வுட் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் ஐக்ஹார்ன் என்பவரும் வேறு தொலைநோக்கிகளின் தகடுகளை அளந்து பார்த்தனர், அசைவு இல்லை. வான் டி காம்ப்பின் கூடத்திலேயே பணியாற்றிய ஹெர்ஷி என்பவர், அத்தொலைநோக்கியில் பதிவான வேறு விண்மீன்களும் அதே ஆண்டுகளில் அதே விதமாகத் துள்ளியிருப்பதைக் காட்டினார். வில்லையைக் கழற்றிச் சீர்செய்து மாட்டியபோது ஏற்பட்ட மாற்றமே கோளாகத் தோன்றியிருக்கிறது! விண்மீன் அசையவில்லை, கருவி அசைந்திருக்கிறது. பெரியவர் இதை ஏற்கவேயில்லை. 1995-இல் இறக்கும்வரை தம் கோள் உண்டென்றே கூறிவந்தார். அவ்விண்மீனுக்கு உண்மையிலேயே ஒரு சிறு கோள் இருப்பது 2024-இல் தெரியவந்தது. மறு ஆண்டில் மொத்தம் நான்கு என்றாயிற்று. நான்கும் பூமியைவிடச் சிறியவை. அவர் சொன்னது அவற்றுள் ஒன்றன்று.

இனி நாம் சொல்லப்போகும் நிகழ்ச்சியை நம் இளைஞர்கள் கவனமாகக் கேட்கவேண்டும். ஆண்ட்ரூ லைன் என்பவர் இங்கிலாந்தில் ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கி நிலையத்தின் பேர்பெற்ற விஞ்ஞானி. வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சமாய், துடிப்புத் துடிப்பாக வானொலி அலைகளை அனுப்பும் பல்சர் ஒன்றைச் சுற்றி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வலம்வரும் கோளைக் கண்டதாக அவரும் உடன் பணியாற்றியோரும் 1991 ஜூலையில் அறிவித்தனர். உலகமே வியந்தது. 1992 ஜனவரியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வானியலார் மாநாட்டில் அதைப் பற்றி உரையாற்ற அவரை அழைத்திருந்தனர். மாநாட்டுக்குச் சில நாட்களுக்கு முன் தம் கணக்கை மீண்டும் புரட்டிய அவர் ஒரு பிழையைக் கண்டார். பூமி கதிரவனைச் சுற்றும் பாதை முழு வட்டமன்று, நீள்வட்டம் என்பதை உரிய விதத்தில் கணக்கில் சேர்க்கத் தவறியிருந்தனர். அந்த ஆறு மாதம் பல்சரின் கோளுக்குரியதன்று; நம் பூமியின் ஓட்டத்தின் நிழல்.

அவர் மாநாட்டுக்குப் போகாமலிருந்திருக்கலாம். ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கலாம். போனார். நூற்றுக்கணக்கான வானியலார்முன் மேடையேறி, பிழை எங்கே நேர்ந்தது என்பதை விளக்கி, கோள் இல்லை என்று கூறினார். அவை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்துப் பேச இருந்தவர் போலந்து நாட்டில் பிறந்த அலெக்சாந்தர் வோல்ஷ்சான். அவரும் ஒரு பல்சரைச் சுற்றும் கோள்களைக் கண்டிருந்தார். 66 நாளுக்கு ஒரு முறை சுற்றும் கோள் ஒன்று, 98 நாளுக்கு ஒரு முறை சுற்றுவது ஒன்று. வேறொரு நிலையத்தில் டேல் ஃப்ரெய்ல் என்பவர் அப்பல்சரின் இடத்தைத் தனியே அளந்து தர, அதைக் கொண்டு சரிபார்த்திருந்தார். அவை நிலைத்தன. வேறொரு கதிரவனின் கோள்கள் என்று இன்றளவும் மறுக்கப்படாமல் நிற்கும் முதல் கண்டுபிடிப்பு அதுவே.

பெரியவரின் கேள்விக்கு நம்மிடமுள்ள விடை அந்த மண்டபத்தில் இருக்கிறது. கேப்டனின் பதவி அவர் கோளைக் காப்பாற்றவில்லை. வான் டி காம்ப்பின் பல்லாண்டு உழைப்பை ஓர் இளைஞரின் அளவுகோல் கேள்வி கேட்டது. சொன்னவர் யார், அவர் பரம்பரை எது என்று எவரும் கேட்கவில்லை; மற்றொருவர் அளந்தால் அதே விடை வருகிறதா என்பதைத்தான் கேட்டார்கள். "நீ யார் சொல்ல?" என்னும் கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த மக்கள் நாம். அக்கேள்வி செல்லாத ஓர் இடம் இருக்குமானால், அங்கே நம் பிள்ளைகளுக்கு ஓர் இருக்கை வேண்டாமா? அந்த இடத்திலும் மனிதர்களே இருக்கிறார்கள். அவர்கள் குறைகளும் உடனிருக்கின்றன என்பதை மறைக்கவேண்டியதில்லை.

அதற்கும் ஒரு சான்று உண்டு. விண்மீனின் ஒளியைப் பிரித்து விழும் நிறமாலையில் கருங்கோடுகள் தோன்றுகின்றன. அக்கோடுகளைக் கொண்டு விண்மீனின் வெப்பத்தை அறிவது எப்படி என்ற வழியை 1920-இல் சமன்பாடாக வகுத்துத் தந்தவர் மேகநாத் சாகா. விண்மீனைப் பற்றித் தெரிந்தாலன்றி அதைச் சுற்றும் கோளின் பருமனோ எடையோ தெரியாது. ஆகவே கோள் ஆராய்ச்சிக்கும் அவர் வகுத்த வழி ஓர் அடிப்படை. 1893-இல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில், தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் அவர். கல்கத்தாவில் படிக்கும்போது விடுதியில் உடனிருந்து உண்ண உயர்சாதி மாணவர் சிலர் மறுத்தனர். பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரானார். நாட்டின் பஞ்சாங்கங்களைச் சீர்திருத்த அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தார். உடனுண்ண மறுத்தவர்களின் பெயர்களை நாம் அறியோம்.

மீண்டும் கோள்களுக்கு வருவோம். இருப்புப்பாதைக் கதவருகே நிற்கும்போது, நெருங்கும் ரயிலின் ஊதலொலி கூர்மையாகவும், நம்மைக் கடந்து விலகும்போது தணிந்தும் கேட்கிறது. ஒளியும் அப்படியே. விண்மீன் நம்மை நோக்கி அசையும்போது நிறமாலைக் கோடுகள் நீலப்பக்கமும், விலகும்போது சிவப்புப்பக்கமும் மயிரிழையளவு நகரும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷேல் மேயர் என்ற பேராசிரியரும், அவரிடம் ஆராய்ச்சி மாணவராயிருந்த திதியே கேலோவும், பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஒரு வானாய்வுக்கூடத்தில் இம்முறையால் பெகாசசு 51 என்னும் விண்மீனை அளந்தனர். அது நொடிக்குச் சுமார் 56 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைந்தது. அசைவுக்கு எடுத்த காலம் நான்கே கால் நாள்! மாணவர் முதலில் தம் கருவியில்தான் கோளாறு என்று அஞ்சினார். வியாழனில் பாதி எடையுள்ள கோள், தன் விண்மீனிலிருந்து 80 லட்சம் கிலோமீட்டருக்குள், ஆயிரம் டிகிரி வெப்பத்தில் வெந்துகொண்டு, நான்கு நாளுக்கு ஒரு சுற்று ஓடிக்கொண்டிருந்தது. நம் புதன்கூடக் கதிரவனிலிருந்து 5 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர் தள்ளியே இருக்கிறது. 1995 அக்டோபரில் இதை அறிவித்தனர். 2019-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நம்மை நெடுநேரம் சிந்திக்கவைத்த செய்தி வேறொன்று. ஓட்டோ ஸ்துரூவ என்பவர் 1952-லேயே, பெரிய கோள் தன் விண்மீனுக்கு மிக அருகில் இருக்கத் தடையேதும் இல்லை, தேடினால் அகப்படும் என்று இரண்டு பக்கக் கட்டுரையில் எழுதிவைத்திருந்தார். நாற்பது ஆண்டுகளாக அதை எவரும் பொருட்படுத்தவில்லை. பெரிய கோள் தொலைவில்தான் இருக்கும், ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகும் என்பது எல்லோருடைய முடிவு. ஏன்? நம் கதிரவன் குடும்பத்தில் அப்படித்தான் இருக்கிறது! அமெரிக்காவில் இருவர் பல ஆண்டுகளாக விண்மீன்களை அளந்து பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்தனர். அப்பதிவுகளை அவசரமாக ஆராய அவர்களுக்குத் தோன்றவில்லை. சுவிட்சர்லாந்துக்காரர் அறிவித்தபின் தம் பதிவுகளைப் புரட்டிய அவர்களுக்குச் சில மாதங்களில் இரண்டு கோள்கள் கிடைத்தன. கைவசம் இருந்த செல்வம்! நம் ஊரில் உள்ள அமைப்பே இயற்கையின் அமைப்பு என்று கொண்டுவிட்டால், கண்முன் கிடப்பதும் தெரியாது போலும்.

மற்றொரு முறை மங்கல் முறை. தெருவிளக்கின் முன் ஈசல் பறந்தால் விளக்கொளி இம்மியளவு குறைகிறதல்லவா? கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போதும் அவ்வாறே. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்க வந்தபோது, மறைப்பதற்கு முன்பே விண்மீன் மங்கியதை நம் ஜவ்வாது மலைக் காவலூரிலும் பதிவு செய்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அம்மங்கல்களால் தெரியவந்தது. பிற கதிரவன்களின் கோள் ஒன்று இவ்வாறு கடப்பதை 1999-இல் முதன்முதல் கண்டனர். வியாழனளவு கோள் கடந்தால் ஒளி நூற்றில் ஒரு பங்கு குறையும். பூமியளவு கோளானால் பத்து லட்சத்தில் 84 பங்கு. பத்தாயிரம் ரூபாய்க் கட்டில் 84 காசு குறைவதைக் கண்டுபிடிக்கும் கணக்குப்பிள்ளை வேண்டும்! மேலும் கோளின் பாதை நம் பார்வைக்கோட்டில் அமைந்திருந்தாலன்றிக் கடத்தல் தெரியாது. பூமி போன்ற கோளுக்கு அவ்வாய்ப்பு இருநூற்றில் ஒன்றே.

இதைச் செய்யமுடியும் என்று கூறியவர் வில்லியம் பொருக்கி. நிலவுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோக் கலங்களின் வெப்பக் கவசப் பணியில் நாசாவில் வேலைக்குச் சேர்ந்தவர். முனைவர் பட்டம் பெறாதவர். விண்ணில் ஒரு தொலைநோக்கியை நிறுத்திப் பல விண்மீன்களை ஒருசேரக் கண்காணிக்கலாம் என்று 1992-இல் திட்டம் கொடுத்தார், மறுத்தனர். 1994-இல் மறுத்தனர். 1996-லும் 1998-லும் மறுத்தனர். ஒவ்வொரு முறையும் மறுப்புக் கடிதத்தில் என்ன குறை சொல்லப்பட்டதோ அதற்கே விடை தேடினார். உணர்கருவிக்கு அத்துணை நுட்பம் இல்லை என்றார்கள். ஆய்வகத்தில் செயற்கை விண்மீன்களை அமைத்து, உண்டு என்று காட்டினார். ஐந்தாம் முறையாகிய 2001-இல் ஒப்புக்கொண்டனர். கெப்ளர் என்ற அத்தொலைநோக்கி 2009 மார்ச்சில் ஏவப்பட்டது. ஒன்றரை லட்சம் விண்மீன்களை இமைகொட்டாமல் பார்த்தது. 2018-இல் எரிபொருள் தீர்ந்து ஓய்வு பெற்றபோது அது கண்ட கோள்கள் 2,600-க்கும் மேல். தேர்வுகளில் இரண்டாம் முறை தவறியதும் வீட்டில் படுத்துவிடும் தம்பிமார்க்கு இம்மனிதரின் பெயரை நினைவூட்டுகிறோம். விடாமுயற்சி என்ற சொல்லைவிட, மறுப்பைப் பாடமாகப் படித்தார் என்பதே இங்கு பொருத்தம்.

பிற நாட்டாரே செய்தார்கள் என்று எண்ணவேண்டாம். ஆமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் அபு மலையில் நிறுவிய கருவியால், பூமியைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு எடையுள்ள கோளை 2018-இல் எடைபோட்டு அறிவித்தனர். உலகமெங்கும் உறுதி செய்யப்பட்ட கோள்களின் எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000-ஐ எட்டியது. அசைவினால் எடை தெரிகிறது. மங்கலினால் பருமன் தெரிகிறது. இரண்டும் தெரிந்தால் அது பாறையா, வாயுவா என்று ஓரளவு சொல்லிவிடலாம். பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட பருமனுள்ள கோள்கள் மிகுதியாக உள்ளன. நம் கதிரவன் குடும்பத்திலோ அவ்வகையில் ஒன்றுகூட இல்லை. நாம்தான் விதிவிலக்கோ என்னவோ!

உயிர் உண்டா என்பதே எல்லோரும் கேட்பது. கோள் கடக்கும்போது விண்மீன் ஒளி அதன் காற்று மண்டலத்தை ஊடுருவி வருகிறது. அவ்வொளியில் படியும் கோடுகளைக் கொண்டு அங்குள்ள வாயுக்களை அறியலாம். 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே2-18பி என்னும் கோளில், நம் கடல்களில் உயிரிகள் வெளிப்படுத்தும் ஒரு சேர்மத்தின் அறிகுறி தெரிவதாக, இந்தியாவில் பிறந்த நிக்கு மதுசூதன் தலைமையில் கேம்பிரிட்ஜ் குழுவினர் 2025 ஏப்ரலில் எழுதினர். செய்தித்தாள்கள் உயிரே கிடைத்துவிட்டதாக முழங்கின. அதே பதிவுகளை ஆராய்ந்த பிற குழுவினர் சான்று போதாது என்றனர். அட்லாண்டா மண்டபத்தை அறிந்த நாம் கைதட்டவும் வேண்டாம், கைகொட்டிச் சிரிக்கவும் வேண்டாம், அளக்கட்டும்.

1986-இல் ஹாலி வால்மீன் வந்தது. நாம் அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவர். பள்ளியில் ஒரு மாலை தொலைநோக்கி வைத்தார்கள். நம் தெருப் பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டோம். நம் முறை வருமுன், "உங்களுக்கு இதில் என்ன தெரியப்போகிறது" என்று கூறிக் கருவியை உள்ளே எடுத்துச் சென்றுவிட்டார்கள். வால்மீனை ஏரிக்கரை மேட்டிலிருந்து வெறுங்கண்ணாலேயே பார்த்தோம், மங்கலாகத்தான் இருந்தது.

இது ஐப்பசி. மழை மேகம் விலகிய இரவு எட்டு, ஒன்பது மணிக்கு உச்சிக்குச் சற்று வடக்கே நான்கு விண்மீன்கள் ஒரு பெரிய சதுரமாக நிற்பதைக் காணலாம். அச்சதுரத்தின் மேற்குப் பக்கத்து இரண்டும் பூரட்டாதி. புரட்டாசி மாதத்துக்குப் பெயர் கொடுத்தது அதுவே. பிறந்த பிள்ளையின் தலையெழுத்தை நிர்ணயிப்பதாக ஜாதகத்தில் எழுதப்படுவதும் அதுவே. அவ்விரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில், சதுரத்துக்குச் சற்று வெளியே, கூர்ந்து பார்த்தால் அன்றித் தெரியாத ஒரு சிறு புள்ளி உண்டு. அதுதான் பெகாசசு 51. இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி சுமார் 50 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. விழாவையொட்டிக் கழகம் வாங்கியுள்ள தொலைநோக்கி கூட்டம் முடிந்தபின் மாடியில் வைக்கப்படும். கோள் அதில் தெரியாது, விண்மீன் தெரியும். வரிசையில் கடைசிப் பிள்ளை பார்த்து முடிக்கும்வரை அதை உள்ளே எடுத்து வைப்பதில்லை என்று செயலாளர் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாடி விளக்கை மட்டும் யாரேனும் அணைத்துவிடுங்கள்.